மூடாமல் விட்ட வெடிப்பு

நிலச்சரிவுகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக, சகாயமேரியின் வீட்டுக்கு மேலே மலைச்சரிவில் விழுந்திருந்த வெடிப்பைப் படமெடுக்க நம்பிராஜன் வந்திருந்தான். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதிருக்க, அவள் கணவர் களிமண்ணோடு அதை மூட வந்தார்.

"வெளிச்சம் பத்தலண்ணே, நாளைக்கு எடுத்துடறேன். அப்புறம் மூடுங்க."

"இதென்ன கல்யாணப் போட்டோவா, வெளிச்சம் பாக்க?"

"தம்பி கேக்குதுல்ல, விடுங்க" என்று அவள்தான் கணவரை அடக்கினாள். அன்று மாலை மழையில் சரிவு வீட்டின் மேல் இறங்கியபோது அவள் மாதா கோயிலில் இருந்தாள், அவர் வீட்டில் இருந்தார்.

முடித்த படத்தை நம்பிராஜன் அவளுக்குப் போட்டுக் காட்டினான். "பூமியின் விசைகளுக்கு முன்னால் மனிதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை" என்றது அவனுடைய குரல்.

"அப்ப நான் மூட வேணாம்னு சொன்னதால இல்லதானே, தம்பி?"

அவன் படத்தை நிறுத்தினான்.

"ஒண்ணும் செய்ய முடியாதுன்னு வர்ற எடத்த மட்டும் இன்னொருக்கா போடுங்க."

போட்டான்.