முதுகில் இருந்த பருந்து

சுஃப்யான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நஞ்சுண்டன் கையில் கத்தி.

தோல் ஜாக்கெட்டின் முதுகில் தைத்திருக்கும் கருப்புப் பருந்தை அறுத்து எடுக்க வேண்டும். பைக் கிளப்பை விட்டுப் போகிறவனுக்கு அதுதான் முறை. கூட்டிவந்தவன் எவனோ அவனேதான் அறுக்க வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

சுஃப்யானைக் கூட்டிவந்தவன் நஞ்சுண்டன். கிளப்புக்குத் தலைவனும் அவன்தான். இன்றைக்கு யார் தலையிலும் கட்ட முடியாது.

கருமத்தம்பட்டிக்குப் பின்னால், ஓட்டம் நின்றுபோன ஒரு தறி ஷெட்தான் இவர்கள் கூடும் இடம். பருந்து கேங் வருகிறது என்றால் அவிநாசி ரோட்டில் கார்க்காரர்கள்கூட ஒதுங்கிக்கொள்வார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது. சைலன்சர் பேருக்குத்தான். பந்தயம் உண்டு, அடிதடி உண்டு, எல்லோர் மேலேயும் கேஸ் உண்டு. அப்பேர்ப்பட்ட சூரர்கள் இன்று சுவரோரம் கைகட்டி நின்றார்கள், ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே நிற்கிற பிள்ளைகள் மாதிரி.

தையல் லேசில் விடவில்லை. இரட்டை நூல்.

தைத்தவள் சுஃப்யானின் அம்மா இஸ்மத். எல்லோர் முதுகிலும் இருந்தது அவள் தைத்த பருந்துதான். தோல் ஜாக்கெட்டா, ஊசி உடையும் என்று டவுனில் ஒரு டெய்லரும் தொடவில்லை. அவள்தான் வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“ஏங்கண்ணு, இதை முதுகுல ஒட்டிட்டுப் போனா போலீஸ்காரன் ஒரு மைலுக்கு அந்தாண்டயே கண்டுபிடிச்சுப்போட மாட்டானா?” என்று திட்டிக்கொண்டே தைத்தாள். தைத்து முடிக்கும்வரை டீ கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

போன மாதம் அவள் மவுத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது.

நஞ்சுண்டனுக்குத் தையலைப் பற்றிப் பயமில்லை. அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் பயம்.

விட்டுப் போகிறவன், அறுக்கிறவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதிலில் பொய் இருக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசனும் நஞ்சுண்டனேதான். நல்ல போதையில் போட்டது. பெரிய தர்மராசா என்று நினைப்பு.

இன்னொரு சட்டமும் அவன் போட்டதுதான். பந்தயத்துக்குப் போனால் எல்லோர் போனும் அணைந்து பாலுசாமியின் தோள்பைக்குள் போய்விட வேண்டும். போலீஸ் நடமாட்டம் தெரிய தலைவன் போன் மட்டும் உயிரோடு இருக்கும். வீட்டிலிருந்து வருகிற செய்தி எதையும் நடுவில் சொல்லக் கூடாது. பின்னே? வீட்டுக்காரர்கள் செய்யாத தந்திரமா! பாலுசாமியின் சம்சாரம் ஒரே பெரியப்பாவை இரண்டு தடவை சாகடித்துக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெரியப்பா இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறார்.

அன்றைக்குத் தாராபுரம் ரோட்டில் பந்தயம். பந்தயம் தொடங்கும் கோட்டில் நின்றவன் சுஃப்யான். அவனைவிட்டால் ஜெயிக்க வேறு ஆள் இல்லை.

நஞ்சுண்டன் போன் அடித்தது. இஸ்மத்.

“தம்பி, அவன் போன் ஆஃப்னே வருது. எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. அவனைக் கொஞ்சம் ஊட்டுக்கு அனுப்பி வையுங்க.”

இன்னொரு பெரியப்பா கதை என்று நினைத்தான்.

“சரிங்கம்மா, இப்பவே சொல்லிப்போடறேனுங்க.”

அவள் மேலும் ஏதோ சொன்னாள். அதற்குள் வண்டிகள் உறும ஆரம்பித்துவிட்டன. என்னவென்று கேட்காமலேயே இன்னொரு “சரிங்கம்மா” போட்டு வைத்துவிட்டான்.

சுஃப்யான் ஜெயித்தான். தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள். அவன் வீடு போய்ச் சேர்ந்தபோது தெருவில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

அனுப்பியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஒரு பந்தயம் போயிருக்கும், அவ்வளவுதானே. அன்றிலிருந்து சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நஞ்சுண்டன் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். சுஃப்யானிடம் மட்டும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

பருந்தின் இரண்டு இறக்கையும் விடுபட்டுத் தொங்கின. வால் பக்கம் மட்டும் பாக்கி. இவன் கேள்வி கேட்காமலே போய்விடுவான் போலிருக்கிறது. மாசாணியம்மா, அப்படியே ஆகட்டும்.

“அண்ணா,” என்றான் சுஃப்யான். திரும்பவில்லை.

நஞ்சுண்டனின் கத்தி நின்றது.

“கடைசி வரைக்கும் அம்மா வாசலையே பாத்துட்டு இருந்தாங்களாம். ‘வந்துட்டுத்தான் இருப்பான், நான்தான் மெல்ல ஓட்டிட்டு வரச் சொன்னேன்’னு திரும்பத் திரும்பச் சொன்னாங்கன்னு அக்கா சொல்லுச்சு. எனக்கு அம்மா போனே வரலீங்கண்ணா. யார்கிட்டச் சொல்லியிருப்பாங்க?”



அன்று வண்டிச் சத்தத்தில் நஞ்சுண்டன் கேட்காமல் விட்டது இதைத்தான்: மெல்ல ஓட்டிட்டு வரச் சொல்லுங்க. இதற்கும் சேர்த்துத்தான் சரிங்கம்மா என்றிருக்கிறான். பிள்ளை வர நேரமாவது தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

“எங்கிட்டத்தான், கண்ணு.”

சுஃப்யான் மெதுவாகத் திரும்பினான்.

ஒரு தையல் இன்னும் அறுபடாமல் பருந்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நஞ்சுண்டன் அதைத் தொடவில்லை. கத்தியை மடக்காமல் அப்படியே சுஃப்யான் கையில் வைத்தான்.

பிறகு திரும்பி, அவள் தைத்த தன் பருந்து தெரிய, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.