உஸ்மாவின் டவுட்

"சார், ஒரு டவுட்டுங்க."

உஸ்மா கையைத் தூக்கினாலே வகுப்பு சிரிக்கத் தயாராகிவிடும். அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா படிப்பவர்களுக்கு இதை விட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது.

"கேளு" என்றார் கலைவாணன் சார்.

"வேரியபிளுக்கு முன்னாடி எதுக்குங்க சார் இன்ட், ஸ்ட்ரிங்னு போடணும்? சும்மா பேரை மட்டும் எழுதினா ஆகாதுங்களா?"

பின்வரிசையில் மாதேஷ் தலையில் அடித்துக்கொண்டான். காலையிலிருந்து சார் தொண்டை வறள நடத்தியதே அதைத்தான்.

சாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் ஒன்று, கோபம் வந்தால்தான் அவருக்கு நல்ல உதாரணமும் வரும்.

"ஏம்மா, உங்க வூட்டுல உப்பு டப்பா, சக்கரை டப்பா தனித்தனியாத்தானே இருக்கு? எதுல எதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா டீயில உப்பு விழாது. இன்ட்னு சொல்லிட்டா அதுல நம்பர் மட்டும்தான். பேரைக் கொண்டுபோய்ப் போட்டா ஜாவா உள்ளயே விடாது. போதுமா?"

"புரிஞ்சுதுங்க சார்."

பக்கத்து சீட்டு வெண்மதி அதை வேகவேகமாக எழுதிக்கொண்டாள். அவளுக்குச் சித்தேரி. மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் பாதி வகுப்பில்தான் வந்து சேருவாள். லேட்டாக வந்தால் உட்காரலாம், ஆனால் நடத்தி முடித்ததைத் திரும்பக் கேட்கக்கூடாது என்பது சார் போட்ட சட்டம். போன பேட்ச்சில் ஆளுக்கொரு நேரத்தில் வந்து அவர் உயிரை வாங்கியதில் பிறந்தது அது. வெண்மதி வாயே திறக்க மாட்டாள்.

மறுநாளும் உஸ்மாவின் கை எழுந்தது.

"இந்தக் கம்பைல் எதுக்குங்க சார்? எழுதினதை அப்படியே ஓட்டினா ஓடாதுங்களா?"

வகுப்பே சிரித்தது.

"மலைக்குப் போற பஸ்ஸை டிப்போவுல பிரேக் பாத்துட்டுத்தானே எடுக்கறாங்க? கொண்டை ஊசி வளைவுல போய் பிரேக் பிடிக்கலைன்னா கதி என்ன? முக்கால்வாசித் தப்பைக் கிளம்பறதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்துடும். அதான் கம்பைல்."

மலை பஸ் என்றதும் வெண்மதியின் முகம் மலர்ந்தது. சாரின் முகம்தான் மலரவில்லை.

"இங்க பாரு உஸ்மா. வெள்ளிக்கிழமை ஓசூர் கம்பெனியில இன்டர்வியூ. இன்னொரு வாட்டி அரைச்ச மாவையே அரைக்க வெச்சேன்னா உன்னை அனுப்ப மாட்டேன். சென்டர் பேரு கெட்டுரும்."

உஸ்மா தலையைக் குனிந்துகொண்டாள். தையல் கடை வைத்திருக்கும் அவள் அத்தா முனாப், துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் "பொண்ணு கம்பெனிக்குப் போவப்போறா" என்று சொல்லிவைத்திருந்தார்.

அடுத்த நாள் வெண்மதி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல்.

"சார்... கிளாஸ், ஆப்ஜெக்ட் ரெண்டும் ஒண்ணுதானுங்களா?"

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. சார் மார்க்கரை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"வூட்டு பிளான் கிளாஸ். அதை வெச்சுக் கட்டின வூடு ஆப்ஜெக்ட். ஒரு பிளானுக்கு எத்தனை வூடு வேணாலும் கட்டலாம். சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை நீ வர வேணாம்."

"சரிங்க சார்."

உஸ்மாவின் கண் கலங்கியிருந்தது. திருந்தாத ஜென்மம் என்று சார் முடிவு கட்டினார்.

அன்று சாயங்காலம் ஒத்திகை இன்டர்வியூ. வெண்மதிதான் முதல். கம்பைல் பற்றிக் கேட்டதற்கு மலை பஸ்ஸின் பிரேக்கைச் சொல்லி அசத்திவிட்டாள். முடிந்ததும் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து சாரிடம் நீட்டினாள்.

"சாமை அரிசிங்க சார். எங்க காட்டுல வெளைஞ்சது. தெனம் லேட்டா வந்தும் எனக்கு ஒரு பாடம்கூட விட்டுப்போவல. உங்களை உசிரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க."

சாருக்கு மனசு நிறைந்துவிட்டது. பையை வீட்டுக்குக்கூட எடுத்துப் போகாமல், எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜைமேலேயே வைத்தார்.

மறுநாள் மலையில் நல்ல மழை. வெண்மதியின் இடம் காலியாக இருந்தது.

சார் அன்று நடத்தியது ஸ்டாட்டிக். பழகினவர்களே தடுமாறும் பாடம். நடத்தி முடித்துவிட்டு வழக்கம்போல் உஸ்மாவைப் பார்த்தார். மாதேஷும் திரும்பிப் பார்த்தான். கை எழவே இல்லை.

"என்னம்மா, இன்னிக்கு டவுட் இல்லையா?"

"இல்லீங்க சார்."

"அப்ப எழுந்து சொல்லு பாக்கலாம்."

சொன்னாள். சார் சொல்ல மறந்த ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்.

சாருக்குத் தலை சுற்றியது. "இவ்வளவு கஷ்டமானதே முதல் வாட்டியில புரியுது. அப்புறம் இத்தனை நாளா இன்ட் எதுக்கு, கம்பைல் எதுக்குன்னு ஏம்மா என் உயிரை வாங்கின?"

உஸ்மா பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்குச் சித்தேரி பஸ் வரலீங்களே சார்."

கலைவாணன் மேஜைமேல் இருந்த சாமை அரிசிப் பையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு இன்டர்வியூவுக்கு நேரத்தோட வந்துரும்மா. இந்தா, இது உனக்கு வந்தது. ஆள் தெரியாம எங்கிட்டக் குடுத்துட்டா."