படுத்துப் பார்த்த வீடு

"நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்கம்மா. நான் படுத்துப் பார்க்கணும்."

வீடு வாங்க வந்தவர் இப்படிச் சொன்னதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலிகூட இல்லாத காலி வீடு. இதில் எங்கே படுப்பது?

கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். மனிதர் தோள்பையைத் தலைக்கு வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பெட்ரூம் தரையில் மல்லாந்து கிடந்தார். கண் மட்டும் மேலே. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார்.

"இது வேண்டாம். வேற காட்டுங்க."

அவ்வளவுதான். விலை கேட்கவில்லை. சமையலறைப் பக்கம் தலைகூட நீட்டவில்லை.

துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போய், வீட்டு புரோக்கர் ஆபீசுக்கு வந்து சேர்ந்தவள் அவள். அங்கே எல்லோருக்கும் அவள் 'புதுசு'. இந்த மாதத்துக்குள் ஒரு வீடாவது விற்றுக் கொடுக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார். கிடைத்த ஒரே ஆளும் இப்படி.

அவள் நடந்ததைச் சொன்னதும் ஆபீசே சிரித்தது. 'மைக்' அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. குரலுக்காக வந்த பெயர் அது. ஊரில் பாதி வீட்டை விற்றவர்.

"பல்லைக் காட்டாதீங்கப்பா! புதுசு, உனக்கு யாரு மாட்டியிருக்காருன்னு தெரியுதா? எல்லாரும் டைல்ஸைத் தட்டுவான், குழாயைத் திருகுவான். வீட்டோட வண்டவாளம் எங்க இருக்கு? மேல! ஒழுகல், விரிசல், பூச்சுல பண்ண திருட்டு, எல்லாம் சீலிங்லதான். நின்னு அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும், குனிஞ்சிருவோம். படுத்துட்டா? ஒண்ணும் தப்பாது. இவரு பெரிய முதலீட்டுக்காரரும்மா. விட்றாத!"

"விலையே கேக்கலையேண்ணே?"

"கையில காசு இருக்கறவரு எதுக்குக் கேக்கணும்?"

அன்றிலிருந்து அவர் 'சீலிங் சார்' ஆனார்.

அடுத்தடுத்து காட்டிய வீடுகளிலெல்லாம் அதே கதைதான். கேட்கிற கேள்விகளும் விசித்திரமாக இருந்தன. "சாயங்கால வெயில் இங்க மூஞ்சில அடிக்குமாம்மா?" "மாடியில இருக்கறவங்க நாற்காலியை இழுப்பாங்களா?" "இந்த ஃபேனைக் கொஞ்சம் தள்ளி மாட்டலாமா?"

ஒரு பெரிய பங்களாவில் தங்க வேலைப்பாடு செய்த கூரை, நடுவில் தேர் மாதிரி ஒரு சரவிளக்கு. பார்த்தவர் படுத்த வேகத்தில் எழுந்துவிட்டார். "ஐயோ, தலையில விழற மாதிரியே இருக்கு."

"பார்த்தியா!" என்றார் மைக் அண்ணன். "கொக்கி சரியில்லைன்னு கீழ இருந்தே கண்டுபிடிச்சுட்டாரு. எமகாதகன்!"

அவளுக்கும் மெய்சிலிர்த்தது. தொழில் என்றால் இதுவல்லவா தொழில்! தானும் செய்து பார்த்தாள். சாவி வாங்கியதும் உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டுத் தரையில் படுத்துப் பார்ப்பாள். நிற்கும்போது பளபளத்த வீடு, படுத்ததும் வேறு முகம் காட்டியது. மூலையில் தேமல் போல ஈரம். சுண்ணாம்புக்கு அடியில் நரம்பு போல ஓடும் விரிசல். இத்தனை நாளும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வீடு காட்டியிருக்கிறோம் என்று தோன்றியது.

அப்படித்தான் அந்த மூன்றாவது மாடி வீட்டிலும் படுத்தாள். பக்கத்து மரம் ஜன்னல்வரை வந்துவிட்டது, ஒரே குப்பை, பறவைச் சத்தம் என்று வந்தவர்களெல்லாம் மூக்கைச் சுளித்த வீடு. யாருக்கும் காட்டவே வேண்டாம் என்று மைக் அண்ணனே ஒதுக்கிவைத்தது.

படுத்தவள் எழுந்திருக்க மறந்தாள்.

கீழே பக்கத்து மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தது. அதில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக ஏறி வந்து, கூரை முழுக்க அலையலையாக ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே இலைகளின் நிழல். காற்று அடித்தால் கூரையே மூச்சு விடுவது போல இருந்தது. ஒரு வெற்றுச் சுண்ணாம்புக் கூரைக்குள் இவ்வளவு இருக்குமா!

உடனே சீலிங் சாருக்குப் போன் செய்தாள். "சார், ஒரு வீடு இருக்கு. குப்பை விழும். குருவிங்க கத்தும். ஆனா நீங்க ஒரு தடவை வந்து படுத்துப் பாருங்க."

அவர் வந்து படுத்தார். வெகு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுவரை இறங்கியிருந்தது.

"இதையே எடுத்துக்கறேம்மா," என்றார் படுத்தபடியே. "உங்க மேனேஜர்கிட்டச் சொல்லிடுங்க."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை தப்பித்தது! இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. படுத்துப் பார்க்கற இந்த வித்தையை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க? நானும் இந்தத் தொழில்ல உங்களை மாதிரி பெரிய ஆளா வரணும்."

"தொழிலா? நான் வாத்தியாரும்மா. வாழ்க்கையில வாங்கற முதல் வீடு இதுதான்," என்று மெல்ல எழுந்து உட்கார்ந்தவர், கையை உயர்த்திக் கூரையைக் காட்டினார்.

"தலையைக்கூடத் திருப்ப முடியாமப் படுத்திருக்கற என் மனைவிக்கு, இனிமே வீடுன்னா இது மட்டும்தானே."