கருகாத நுனி

நுனி கருகவே இல்லையே என்று நினைத்தாள் ஒச்சம்மா. அவள் கணவன் விருமனின் துப்பாக்கியை அவள் மடியில் கிடத்திவிட்டு, படையை நடத்திப்போன சேர்வைக்காரர் தலைகுனிந்து நின்றார். அதன் கட்டையில் சுற்றியிருந்த திரி அவள் முறுக்கியது. நூலை வெடியுப்பு நீரில் வேகவைத்து, ஏழு வெயில் காயவைத்தது. திரியில் நெருப்புக் கனன்றால்தான் அந்தத் துப்பாக்கி சுடும். எதிரி கிளப்பும் புழுதியைக் கண்டதுமே பற்றவைத்துவிடுவார்கள். இதுவோ அவள் போட்டுக்கொடுத்த வெள்ளை முடிச்சோடு அப்படியே இருந்தது.

“மூணு பேரைச் சுட்டுட்டுத்தான் சாஞ்சான் தாயி. உடம்பு ஆத்தோட போயிருச்சு.”

“இதை வச்சா சுட்டாரு?”

அவர் கையசைத்தார். கூடியிருந்த பெண்கள் நெருப்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்கள். செத்தவனின் மிச்சத் திரியை மனைவி பற்றவைக்க வேண்டும்; அது எரிந்து முடிகையில் தாலியை இறக்குவார்கள்.

“பத்த வை தாயி. வீரனாப் போகட்டும். ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேரு வேணுமா ஒனக்கு?” என்றார் சேர்வைக்காரர்.

சண்டை முடிந்து பன்னிரண்டு நாள். களத்திலிருந்து ஆறு காத தூரத்தை அவன் இதற்குள் நடந்தே வந்திருக்கலாம். உயிரோடு இருந்தால், அவன் அவள் இல்லாத ஏதோ ஓர் ஊரில் இருக்கிறான்.

சட்டியின் அனல் முகத்தில் அடித்தது. அவள் திரியைக் கழற்றினாள். காய்ந்த சருகைப் போல அது சரசரத்தது. மணிக்கட்டில் சுற்றி இறுக முடிந்துகொண்டாள்.

“ஈரமா இருக்குங்கய்யா,” என்றாள். “பத்தாது.”