ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே பலகை

நான் ஒன்பதாம் இலக்கப் பலகையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

ஆறாம் இலக்கக்காரன் பிரகாஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வரத் தொடங்கினான்.

அவனில் பிழையில்லை. எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில், ஆளை வெளியே எடுக்கக் காட்டும் பலகை ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒன்றுதான். பிடிக்கிற விதத்தில் இருக்கிறது. பங்குக் கோயில் கிண்ண இறுதிப்போட்டி, ஒன்றுக்கு ஒன்று, இன்னும் இருபது நிமிடம். இந்த நேரத்தில் ஒன்பதாம் இலக்கத்தை, அதாவது அணித்தலைவன் லெனாட்டை, வெளியே எடுக்கிற பயிற்சியாளர் குருநகரில் இன்னும் பிறக்கவில்லை என்று அவன் நம்பினான்.

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"பேதுரு அண்ணை, பலகையைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறியள்!"

கத்தியது எங்கள் ஆட்களே. நடுவர்கூடத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

அவர்கள் நினைத்தபடியே விட்டிருக்கலாம். பலகையை ஒருமுறை திருப்பினால் போதும், பதவி மிஞ்சும். எனக்கு முன்னிருந்த இரண்டு பயிற்சியாளர்களும், லெனாட் கோபித்துக்கொண்டு ஒரு கிழமை பயிற்சிக்கு வராததில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். நான் ஆறு வருடம் தாக்குப்பிடித்தது திறமையால் அல்ல. அணியை அறிவிக்குமுன் பட்டியலை அவனிடம் காட்டிவிடுவேன். சில வேளை அவனே எழுதியும் தருவான்.

ஆனால் இன்று இரண்டாம் பாதி முழுவதும் அவன் ஓடவேயில்லை. கலியாண மாப்பிள்ளை மாதிரி ஒரே இடத்தில் நின்றான். காலடிக்கு வராத ஒவ்வொரு பந்துக்கும் கையை விரித்து மற்றவர்களை ஏசினான். நாலாம் தரம் கையை விரித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒன்பதடா, ஒன்பது! லெனாட், வெளியிலை வா!"

 மைதானம் முழுக்கக் கூ என்று கூவல். முன்வரிசைக் கதிரையிலிருந்து அவனுடைய தாய் சிசிலியா எழும்பிவிட்டார்.

"பேதுரு, உனக்கென்ன விசரே?"

பாதி வழியில் நின்ற பிரகாஸ், மாதா காட்சி கொடுத்ததைப் பார்ப்பவன்போல என்னைப் பார்த்தான்.

லெனாட் வந்தான். திருவிழாத் தேரில் மாதா சுருவம் வருவதுபோல, ஆறுதலாக, அடிமேல் அடிவைத்து, எல்லாரும் பார்க்கும்படி. கையில் கட்டியிருந்த தலைவர் பட்டியைக் கழற்றி என் காலடியில் எறிந்தான். தண்ணீர்ப் போத்தலை உதைக்கப் போனவன், என்ன நினைத்தானோ, உதைக்காமல் விட்டான். சனம் கைதட்டியது. எனக்கல்ல.

ஆறு வருட ஏச்சையும் நான் வாயில் எடுத்து வைத்திருந்தேன்.

அவன் கிட்ட வந்து என் தோளைப் பிடித்தான். தள்ளுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவனுடைய முழுப் பாரமும் என்மேல் இருந்தது.

"ஏசுங்கோ அண்ணை," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "முழங்கால் பிரண்டுபோச்சு. எப்ப எடுப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். காலிலை காயமெண்டு அம்மா அறிஞ்சா இனிப் பந்தைத் தொட விடமாட்டா."

என் வாயிலிருந்த ஏச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

சிசிலியா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

"எருமை! ஓடப் பஞ்சியெண்டால் கரையிலை இருந்து கச்சான் கடலை தின்னடா!" என்று கத்தினேன், அவன் விழாமல் இடுப்பை இறுகப் பிடித்தபடி.

"இன்னும் பலமா," என்றான் லெனாட்.