சோடா ஏறும் பகல்

பிற்பகல் வெயில் திரையைத் தாண்டி ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பில் விழுந்து கிடக்கிறது. நாலு வயது சாய்ப்ரியா வாயைத் திறந்தபடி வேகவேகமாக மூச்சு விடுகிறாள். அப்பன் சென்னகேசவன் மறந்து வைத்துப்போன ஆஸ்பிரின் டப்பாவை மிட்டாய் என்று காலி செய்தவள். குளுக்கோஸ் குழாயில் சோடா மருந்து இறங்குகிறது. விழும் ஒவ்வொரு சொட்டையும் கட்டிலருகே நின்று சென்னகேசவன் பார்க்கிறான். எதுவும் மனசில் ஒட்டவில்லை. நர்ஸ் நஸ்ரியா மூத்திரக் குழாயிலிருந்து ஒரு துளி எடுக்கிறாள். "காலைலருந்து தாள் மஞ்சளேதான் காட்டுதுங்கண்ணா. இப்படியே இருந்தா மருந்து திரும்ப ரத்தத்துக்கே போயிரும். சோடா ஏறி, யூரின் பட்டதும் தாள் பச்சை காட்டோணும். அப்பத்தான் மருந்து அயனியா மாறி, திரும்ப வழியில்லாம வெளிய போகுமுங்க." அவள் விரலிடுக்கில் இருக்கும், அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் சின்னத் தாள் அவனுக்குப் பழகியதுதான். வெள்ளகோவிலில் அவனுடைய சாயப்பட்டறையில் தினமும் தொட்டியில் நனைத்துப் பார்ப்பது. அங்கே சோடா போட்டால் சாயம் நூலை விடாமல் பிடித்துக்கொள்ளும். இங்கே, பிடித்ததை விடச்சொல்லி ஏற்றுகிறார்கள். நூலில் ஒரு சாயல் குறைந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுகிற கண் அவனுக்கு. நஸ்ரியா துளியைத் தாளில் விடுகிறாள். தலைமாட்டு எந்திரம் விட்டுவிட்டுக் கூவுகிறது. தாள் அவன் முகத்துக்கு நேராக, வெயிலில், ஈரத்தோடு நிற்கிறது. அவன் இமைக்காமல் அதையே பார்க்கிறான். "ஏனுங்க அம்மணி," என்கிறான், "அது என்ன கலருங்க?"