பியானோக்காரனும் பாட்டுக்காரியும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சைபுல்லாவும் மனைவி பாசிலாவும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அன்று அவன் ஒரு லத்தீன் ஜாஸ் ஆல்பத்தை ஓடவிட்டிருந்தான். ஒருத்தி பாடினாள். ஒருவன் பியானோ வாசித்தான்.

"வேலையை விடுறீங்களா, இல்லையா? இன்னிக்குச் சொல்றேன்னீங்க மச்சான்."

"மொதல்ல இதைக் கேளு புள்ள. அவ எங்க மூச்சு விடுவான்னு அவனுக்குத் தெரியுது பாரு."

பாசிலா கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. சோறு ஆறுது, சாப்பிடுங்க."

"இவங்க ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பாத்ததே இல்லையாம். அவ கியூபாவுல பாடியிருக்கா. அவன் ஸ்பெயின்ல வாசிச்சிருக்கான். அப்பறமா ஒண்ணாச் சேத்திருக்காங்க. பிரிஞ்சிருந்தும் எம்புட்டு ஒத்துமை!"

தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்த போன் சரிந்தது. பாசிலா அதை நிமிர்த்தினாள். அறந்தாங்கியில் அவள் தட்டுக்கு எதிரே, கத்தாரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சைபுல்லாவின் முகம் மறுபடி தெரிந்தது.

"அப்ப இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டீங்க" என்றாள்.

அவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி இல்ல மச்சான்."